ஊசி போட்டும் கோழி ஏன் செத்தது?

மனித ரத்தத்தைச் சோதிப்பது இன்று பெரிய காரியமல்ல. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜைச் சுற்றியிருக்கும் எந்த லேபிலும் ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்தால் ஓரிரு நிமிடத்தில் சீட்டு வந்து விழும். சிவப்பணு இத்தனை, வெள்ளையணு இத்தனை என்று சுத்தமாக அச்சாகியிருக்கும். அதே மெஷினுக்குக் கோழி ரத்தத்தைக் கொடுத்தால் அது திணறிப் போகும். நம்பவே முடியாத எண்களைச் சீட்டில் அடித்துத் தள்ளும்.

காரணம் எளிமையானது. மனிதனின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது; கோழியின் சிவப்பணுவில் உண்டு. மெஷின் பொதுவாக உட்கரு உள்ள அணுவை வெள்ளையணு என்று எண்ணப் பழகியது. கோழி ரத்தத்தில் எல்லாமே உட்கரு உள்ளவை. ஆகவே பெரும்பாலான சோதனைக்கூடங்களில் கோழிக்கு இன்றும் பழைய முறைதான். 1952இல் நாட், ஹெரிக் என்ற இருவர் வகுத்துக் கொடுத்த ஊதாச் சாயத்தில் ரத்தத்தைக் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எண்ணுகிறவருக்குக் கழுத்து வலி நிச்சயம்.

இவ்வளவு சிரமப்பட்டு ஒரு கோழியின் வெள்ளையணுக்களை எதற்காக எண்ண வேண்டும்? கேட்கத் தோன்றும். கேரளத்தில் வீட்டுக் கொல்லையில் ஐந்தாறு கோழி வளர்க்கும் பெண்ணிடம் இதைக் கேட்டால் அவர் வேறொரு கேள்வியைத் திருப்பிக் கேட்பார். கால்நடை மருத்துவமனை வாசல்களில் ஆண்டாண்டுகளாகக் கேட்கும் கேள்வி அது. “ஊசி போட்டோமே டாக்டர், பிறகு ஏன் செத்தது?”

அந்தக் கேள்விக்கான பதில் கோழியின் ரத்தத்தில்தான் இருக்கிறது. பதிலைத் தேடிப் போனால் மனிதனுக்கும் சேர்த்துச் சில பாடங்கள் கிடைக்கின்றன.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காட்டைத் தாண்டி, தென்மலை வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது பாலோடு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ரப்பர். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரிந்திருந்தால் அது அங்குள்ள தாவரவியல் பூங்காவால் இருக்கும். கேரளக் கால்நடைத் துறைக்கு இந்த ஊர் வேறு விதத்தில் முக்கியம். கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து தயாரிக்கும் மாநில அரசின் நிறுவனம் இங்கேதான். நோய் கண்டறியும் மாநில சோதனைக்கூடமும் இங்கேயே. மருந்தும் இங்கே, அது வேலை செய்ததா என்று பார்க்கும் கண்ணும் இங்கே.

கோழிகளின் முதல் எதிரி, தமிழ்நாட்டில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லப்படும் ராணிக்கெட் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரிலும் தெரிய வந்த நோய் இது. சில காலத்திலேயே குமாவோன் மலையின் ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்டது. உலகம் அதை நியூகாஸில் என்கிறது. இந்தியா ராணிக்கெட் என்கிறது. அதே குமாவோன் மலையில் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் பக்குவப்படுத்தப்பட்ட வைரஸ்தான் எட்டு வார வாக்கில் நாட்டுக் கோழிகளுக்குப் போடும் ஊசி மருந்தாக இன்றும் பயன்படுகிறது. குஞ்சாக இருக்கும்போது கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து தனி.

ஊசி பலித்ததா என்று பார்க்கும் சோதனை பார்ப்பதற்கு அழகானது. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. கோழி ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை முதல் குழியிலிருந்து பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு குழியிலும் அளவாக வைரஸ். கடைசியாகக் கழுவிய கோழிச் சிவப்பணுக்கள். சீரத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள் இல்லையென்றால் வைரஸ் சிவப்பணுக்களைப் பிணைத்துப் பாய் விரித்தாற்போல் பரப்பிவிடும். எதிர்ப்புப் பொருள் இருந்தால் வைரஸ் கட்டுண்டு போகும். சிவப்பணுக்கள் குழியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தானாக இறங்கும். தட்டைச் சாய்த்தால் பொத்தான் கண்ணீர்த்துளி போல வழிய வேண்டும். வழிந்தால் கோழி தப்பித்தது என்று ஒரு கணக்கு. 16 மடங்கு நீர்த்த பிறகும் பொத்தான் கட்டினால் எதிர்ப்புப் பொருள் உண்டு என்று எழுதலாம்.

வைரஸ் சிவப்பணுக்களை இப்படிப் பிணைக்கும் என்பதை 1941இல் கவனித்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஹெர்ஸ்ட். அவர் ஆராய்ந்தது மனிதனின் இன்ஃப்ளுயன்ஸா வைரஸை. அவருக்கும் கை கொடுத்தவை கோழியின் சிவப்பணுக்களே. உட்கரு இருப்பதால் அவை கனமானவை. சீக்கிரம் அடியில் படியும். மெஷினைத் திணற வைத்த அதே உட்கரு இங்கே உபகாரம் செய்கிறது.

ஆனால் இந்தத் தட்டு பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிக் கதைக்கு ஒரு பையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோழியின் எச்சத்துவாரத்துக்கு மேலே நெல்லிக்காய் போல ஒரு சின்னப் பை உண்டு. கோழிக்கறி வெட்டுகிறவர்கள் கழிவோடு கழிவாக வீசிவிடுகிற உறுப்பு. இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரீசியஸ் அதை விவரித்து எழுதினார். அவர் இறந்தபின் 1621இல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அதன் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பை எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

1950களில் அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் க்ளிக் என்ற மாணவர் குஞ்சுகளிலிருந்து அந்தப் பையை வெட்டி எடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கோழிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. அங்கேயே படித்த திமோதி சாங் என்பவருக்கு வகுப்பில் ஒரு செய்முறை காட்ட வேண்டியிருந்தது. கோழிக்குக் கிருமியைச் செலுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும் என்று காட்டும் சாதாரண செய்முறை. க்ளிக்கிடம் கோழிகளை வாங்கிப் போனார். செய்முறை தோற்றது. பை இல்லாத கோழிகளில் எதிர்ப்புப் பொருள் உண்டாகவில்லை. தோற்ற செய்முறையை இருவரும் சும்மா விடவில்லை. திரும்பச் செய்து பார்த்து எழுதினார்கள். பெரிய சஞ்சிகையான ‘சயன்ஸ்’ வேண்டாமென்று திருப்பியனுப்பியது. 1956இல் கோழி ஆராய்ச்சிக்கான ஒரு சஞ்சிகையில் கட்டுரை வெளியானது. வெகுநாள் யாரும் கவனிக்கவில்லை.

1965இல் மினசோட்டாவில் மாக்ஸ் கூப்பர், ராபர்ட் குட் குழுவினர் கோழிக் குஞ்சுகளை வைத்தே கதையை முடித்தார்கள். அந்தப் பையில் முதிரும் அணுக்கள் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகின்றன. கழுத்தோரம் சரமாகக் கிடக்கும் தைமஸ் சுரப்பியில் முதிரும் அணுக்கள் நேரடியாகச் சண்டை போடுகின்றன. மற்ற அணுக்களையும் ஏவுகின்றன. இரண்டும் பார்வைக்கு ஒரே லிம்போசைட்தான், வேலை வேறு. பையில் வளர்ந்ததற்கு ‘பி’ என்றும் தைமஸில் வளர்ந்ததற்கு ‘டி’ என்றும் பிற்பாடு பெயர் நிலைத்தது. இன்று எய்ட்ஸ் நோயாளியின் டி அணுக்களை எண்ணும் டாக்டரும், பிறவியிலேயே எதிர்ப்புப் பொருள் இல்லாத குழந்தைக்குச் சிகிச்சை செய்யும் டாக்டரும் பயன்படுத்துவது கோழியிடமிருந்து வந்த எழுத்துகளை. மனிதனுக்கு அந்தப் பை கிடையாது. அவனுடைய பி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் முதிர்கின்றன. பெயர் மட்டும் கோழியுடையது.

சரி, தட்டில் தெரியும் சிவப்புப் பொத்தான் பி அணுக்களின் வேலையைக் காட்டுகிறது. டி அணுக்கள்? அவற்றைச் சோதிப்பது அவ்வளவு சுலபமில்லை. சீரத்தை ஐஸில் வைத்து நிதானமாகக் கொண்டுவரலாம். உறைய வைத்து அடுத்த மாதம்கூடப் பார்க்கலாம். டி அணுக்களைச் சோதிக்க உயிருள்ள அணுக்கள் வேண்டும். இறக்கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, உறையாமலிருக்க ஹெபாரின் சேர்த்து, சில மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுவர வேண்டும். அடர்த்தியான ஒரு திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழலவிட்டால் லிம்போசைட்டுகள் நடுவில் வெள்ளை வளையமாக நிற்கும். அவற்றை உறிஞ்சியெடுத்து ஊட்டநீரில் விட்டு, கதகதப்பான பெட்டியில் வைத்து வளர்ப்பார்கள். கோழியின் உடல் சூடு 41 டிகிரியை ஒட்டியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மனிதனுக்கு அது கடும் காய்ச்சல்; கோழிக்கு அன்றாடம்.

பிறகு அணுக்களை உசுப்ப வேண்டும். அதற்கு ஒரு வகை அவரை விதையிலிருந்து எடுக்கும் கான்கனவலின் என்ற புரதம் உதவும். ஆரோக்கியமான டி அணு அதைத் தொட்டவுடன் விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயம் சேர்த்தால் உயிரோடு பெருகிய அணுக்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு துடிப்பு. வெளிறிக் கிடந்தால் அந்தக் கோழியின் படை தூங்குகிறது என்று அர்த்தம். லேப் வசதி இல்லாத இடத்தில் இன்னொரு வழி உண்டு. அது போன்ற புரதத்தை இறக்கைச் சவ்வில் ஊசியால் ஏற்றி, மறுநாள் தடிப்பை அளந்து பார்ப்பது. மனிதருக்குக் காசநோய்க்காகக் கையில் போட்டுப் பார்க்கும் தோல் சோதனையின் சாயல்தான்.

இந்த இரண்டாவது கணக்கு ஏன் முக்கியம்? உயிருள்ள தடுப்பு மருந்து உடலில் போனால் எதிர்ப்புப் பொருள் அளவிடும்படி உயர ஏறக்குறைய ஒரு வாரமாகும். அணுக்களின் பதில் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். மாரெக் நோய் என்ற கோழிப் புற்றுநோயில் வைரஸ் அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்கு ரகசியமாகத் தாவுவதால் டி அணுக்களின் பங்கு பெரிது. அந்த நோய்க்கு 1970 வாக்கில் தடுப்பூசி வந்தபோது, ஊசியால் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்பது முதன்முதலாக நிரூபணமானது. அந்த விஷயத்திலும் மனிதனுக்கு முன்னால் போனது கோழி.

இப்போது கொல்லைக் கோழிக்காரப் பெண்ணின் கேள்விக்குத் திரும்பலாம். ஊசி போட்டும் கோழி சாவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்று, மருந்து குளிர் விட்டுப்போயிருக்கலாம். உயிருள்ள வைரஸ் வெயிலில் ஒரு பஸ் பயணத்தைக்கூடத் தாங்காது. நூறு கோழிக்கான புட்டியை உடைத்தால் இரண்டு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் மீதியை என்ன செய்வார்? இரண்டு, தாய்க்கோழி முட்டை வழியாகக் கொடுத்த எதிர்ப்புப் பொருள் குஞ்சின் ரத்தத்தில் மிச்சமிருந்தால் மருந்தைத் தீர்த்துக் கட்டிவிடும். அவசரப்பட்டுச் சீக்கிரம் போட்டது வீண். மூன்று, தீவனத்தில் பூஞ்சை நஞ்சு. ஈரமான மழைக்காலத்தில் மக்காச்சோளத்தில் பிடிக்கும் பூஞ்சை கோழியின் எதிர்ப்பு சக்தியைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

நான்காவது காரணம் எல்லாவற்றிலும் பொல்லாதது. கம்போரோ நோய். அமெரிக்காவின் டெலவேரில் உள்ள ஒரு ஊரின் பெயர் அது, 1962இல் விவரிக்கப்பட்டது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சைத் தாக்கும் இந்த வைரஸ் நேரே போய் உட்காருவது அந்த நெல்லிக்காய்ப் பையில். பி அணுக்கள் சாகும். சில குஞ்சுகள் இறக்கும், பல பிழைத்துக்கொள்ளும். பிழைத்தவை பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் எதிர்ப்புப் பொருள் உண்டாக்கும் பட்டறை எரிந்து போயிருக்கும். அதன் பிறகு எந்த ஊசியும் சரியாகப் பலிக்காது. க்ளிக் கத்தியால் செய்ததை வைரஸ் தானே செய்துவிடுகிறது.

இதில் வருத்தமான விஷயம், ஒவ்வொரு காரணத்தையும் சோதனையில் பிரித்துச் சொல்ல முடியும் என்பதே. ஊசிக்கு முன்னும் இரண்டு மூன்று வாரம் கழித்தும் சீரம் பார்த்தால் மருந்து பலித்ததா என்று தெரியும். பையின் எடையை உடல் எடையோடு ஒப்பிட்டால் கம்போரோ வந்து போனதா என்று ஊகிக்கலாம். ஒரு ஸ்லைடில் ரத்தத்தை இழுத்து, ஹெட்டரோஃபில் என்ற செங்கல் நிறத் துகள் கொண்ட வெள்ளையணுவையும் லிம்போசைட்டையும் எண்ணினாலே பாதி விஷயம் வெளிவரும். இந்த இரண்டின் விகிதம் கோழியின் மன உளைச்சலைக் காட்டும் என்று 1983இல் கிராஸ், சீகல் இருவரும் எழுதினார்கள். 0.2 என்றால் நிம்மதி, 0.8 என்றால் அவதி. பட்டினி, நெரிசல், வெக்கை எல்லாம் இந்த எண்ணை ஏற்றும். நாமக்கல், பல்லடம் பக்கமிருந்து கூண்டுக்குள் அடைபட்டு, விடிய விடிய லாரியில் வாளையாரைத் தாண்டி வரும் பிராய்லர் கோழி வாய் திறந்து சொல்லாததை அதன் ஸ்லைடு சொல்லும்.

ஆனால் சோதனைக்கூடத்துக்கு வருவது பெரும்பாலும் செத்த கோழி. உயிருள்ள கோழியின் ரத்தம் வருவது குறைவு. பெரிய பண்ணைகள் சீரம் கணக்கைத் தவறாமல் பார்க்கின்றன. லட்சக்கணக்கில் முதல் போட்டிருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும். ஐந்து கோழிக்காரருக்கு ஆட்டோ கூலியே அதிகம். டி அணுச் சோதனையோ பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேட்டுக்குள் நின்றுவிடுகிறது. செயற்கை இதய வால்வை உருவாக்கி 1990இல் நோயாளிக்குப் பொருத்திக் காட்டிய நகரம் திருவனந்தபுரம். உயிரணுக்களைப் படிக்கும் திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. பஞ்சம், கோழிக்கும் லேபுக்கும் நடுவிலுள்ள சில கிலோமீட்டரில்.

அந்த இடைவெளியின் விலையைக் கேரளம் பறவைக் காய்ச்சலில் பார்த்தது. 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துகளில் ஆரம்பித்து மாநிலத்தில் அது திரும்பத் திரும்ப வந்தது. 2023 ஜனவரியில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் அழூர் பஞ்சாயத்துக்கும் வந்தது. மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போய் உறுதியாகித் திரும்பியதும் விதி செயல்படும். நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வளர்ப்புப் பறவைகள் அனைத்தும் கொல்லப்படும். குழந்தைகள் பெயர் வைத்து வளர்த்த கோழிக்கும் விலக்கில்லை. நஷ்டஈடு உண்டு, ஆனால் அடை வைத்த கோழியை இழந்த வீட்டுக்கு அது முழு ஆறுதல் ஆகாது.

விதி கொடுமையானது என்று சொல்லிவிட முடியாது. இந்த வைரஸ் மனிதருக்குத் தாவினால் ஆபத்து. 2021இல் டெல்லியில் ஒரு சிறுவன் இந்த நோயால் இறந்தது இந்தியாவின் முதல் பலி. தடுப்பூசி போட்டுவிடலாமே என்றால் அங்கும் சிக்கல் ரத்தத்தில்தான். ஊசி போட்ட கோழியிலும் எதிர்ப்புப் பொருள் இருக்கும், நோய் வந்த கோழியிலும் இருக்கும். பிரித்துப் பார்க்கத் தனிச் சோதனையும் இடைவிடாத கண்காணிப்பும் வேண்டும். சீனா பல ஆண்டுகளாக ஊசி போடுகிறது. பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்கு ஆரம்பித்தது. ஊசிக்குப் பின்னால் ஒரு பெரிய சோதனைக்கூட வலை இருந்தால்தான் அந்த வழி நடக்கும்.

இன்னொரு செலவும் இருக்கிறது. அது கோழிக்காரரோடு நிற்பதில்லை. எதிர்ப்பு சக்தி சரிந்த கோழிக்கூட்டத்தில் அடுத்து நுழைவது பாக்டீரியா. அதற்கு ஆன்டிபயாடிக். தண்ணீரில் கலந்து மொத்தமாகக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிப் போகும். மனிதருக்குக் கடைசி ஆயுதமான கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது இந்தப் பயத்தால்தான். தடை தேவை. ஆனால் கோழிக்கு ஏன் ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது என்ற கேள்வியைத் தடை தீர்க்காது. அதைத் தீர்ப்பது நோய் வருமுன் எடுத்த ரத்தம்.

செய்ய முடிகிற காரியம் சிறியது. தடுப்பூசி முகாம் நடக்கும் பஞ்சாயத்தில் மூன்று வாரம் கழித்துப் பத்துப் பதினைந்து வீடுகளில் ஆளுக்கொரு கோழியிடம் இரண்டு மில்லி ரத்தம். இரண்டு ஸ்லைடு, ஒரு தட்டு. முடிவை ரெஜிஸ்டரில் எழுதி மூடாமல், ஊசி போட வந்த ஆளே திரும்பிப் போய் வீட்டில் சொல்ல வேண்டும்: “இந்தத் தடவை மருந்து பிடிக்கவில்லை அம்மா, இன்னொரு முறை போட வேண்டும்.” கோழி சாகுமுன் இந்த ஒரு வாக்கியம் அந்தப் பெண்ணின் காதுக்கு எட்டினால், கழுத்து வலிக்க மைக்ரோஸ்கோப்பில் எண்ணியவரின் உழைப்புக்கு அர்த்தம் உண்டு.